சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: நாற்பதை நெருங்கும் வயதில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கத் தொடங்க விரும்புகிறேன். இதுவரை திரைப்படங்களில் பார்த்ததோடு சரி. எதையும் முதலிலிருந்து படிப்பதே முறை என்று எண்ணி ஸ்பைடர்மேனின் 1962இல் தொடங்கும் பழைய கதைகளை எடுத்தேன். நாலைந்து கதைகளுக்கு மேல் ஓடவில்லை. நண்பர் ஒருவர் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொகுப்பைக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் திறவுகோல் இதுதான் என்றார். அதில் யார் யார், எதற்காக அழுகிறார்கள் என்பதே விளங்கவில்லை. மூன்றாவதாக எடுத்த ஒரு பேட்மேன் தொகுப்பை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மனத்தில் எதுவும் நிற்கவில்லை. நான் எங்கே தொடங்குவது? வரிசையாகப் படிக்க வேண்டுமா? என் பதினொரு வயது மகளும் உடன் படிக்க ஆசைப்படுகிறாள். அவளுக்கு எது பொருந்தும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பொது நூலகம் ஒன்றின் காமிக்ஸ் பிரிவைக் கவனிக்கும் பணியில் இருப்பதால், உங்கள் கேள்வியைப் பல வடிவங்களில் அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே பொருந்தாத ஓர் இடத்தில் தொடங்கிவிட்டு, குறை தங்களிடம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டியவர்கள். ஆகவே பரிந்துரைகளுக்கு முன், நீங்கள் எடுத்த புத்தகங்கள் ஏன் உங்களைக் கைவிட்டன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால், நான் இங்கே குறிப்பிடாத புத்தகங்களையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய கதை ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15ஆம் இதழில், 1962 ஆகஸ்டில் வெளிவந்தது. ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்தப் பதினொரு பக்கக் கதை இன்றும் தன் வலுவை இழக்கவில்லை. சிக்கல் அதற்குப் பின் வந்த இதழ்களில் தொடங்குகிறது. மாதம் ஒன்றாக, நாளிதழ்களோடு அடுக்கி விற்கப்பட்டு, சிறுவர்கள் வாங்கிப் படித்துவிட்டு எங்காவது போட்டுவிடுவதற்காகவே அவை செய்யப்பட்டன. எந்த இதழும் யாரோ ஒருவருக்கு முதல் இதழாக இருக்கக்கூடும் என்பதால், நாயகனின் சக்தி என்ன, அத்தை யார், பத்திரிகை முதலாளிக்கு அவன்மேல் என்ன கோபம் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கப்படும். போதாக்குறைக்கு, மார்வெலில் அன்று வழக்கமாயிருந்த முறைப்படி, கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியர் பக்கங்கள் முழுவதையும் வரைந்து முடித்த பிறகே வசனம் எழுதப்பட்டது; அதனால் படத்தில் கண்ணுக்குத் தெரிவதையே வசனம் அடங்கிய பலூனும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். மாதத்திற்கு ஒன்று படித்தவர்களுக்கு அது துணையாக இருந்தது. தொகுப்பில் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அயர்ச்சியையே தருகிறது. ஸ்பைடர்மேன் மேல் பற்று உண்டான பின் அந்தக் கதைகளுக்குத் திரும்பிப் பாருங்கள். டிட்கோ வரையும் விரல்களும் வளைந்து ஒடுங்கும் உடல்களும் அப்போது வேறு மாதிரித் தெரியும்.

‘கிரைசிஸ்’ விஷயம் வேறு. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த அந்தப் பன்னிரண்டு இதழ்த் தொடர் 1985, 86ஆம் ஆண்டுகளில் வந்தது. பல பத்தாண்டுகளாகப் பெருகிப்போயிருந்த இணை உலகங்களையெல்லாம் ஒன்றாக்கிக் கணக்கை நேர்செய்ய டிசி நிறுவனம் எடுத்த முயற்சி அது. அதில் சூப்பர்கேர்ளும் ஃபிளாஷும் இறக்கிறார்கள். அவர்களோடு வளர்ந்த வாசகருக்கு அந்த இதழ்கள் மறக்க முடியாதவை. உங்களுக்கோ, முன்பின் தெரியாதவர் வீட்டுத் துக்கத்தில் போய் உட்கார்ந்த நிலை. பெரெஸ் ஒரே பக்கத்தில் நிறுத்தும் கூட்டத்தை எத்தனை வியந்தாலும், அந்தப் புத்தகத்தைப் புதியவர் கையில் கொடுக்க மாட்டேன். உங்கள் நண்பர் அன்பினால் கொடுத்திருப்பார். தமக்கு இருபதாவது புத்தகமாக அமைந்து பெருமகிழ்ச்சி தந்ததைப் பிறருக்கு முதல் புத்தகமாகக் கொடுப்பது காமிக்ஸ் ரசிகர்களிடம் பரவலாக உள்ள பழக்கம்.

வரிசை பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். சூப்பர்மேன் 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினார். பேட்மேன் 1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில். இருவருடைய கதைகளும் இன்றுவரை கை மாறி மாறி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. முதலிலிருந்து கடைசிவரை அனைத்தையும் வரிசையாகப் படித்தவரை அந்த நிறுவனங்களின் பதிப்பாசிரியர்களிடையே தேடினாலும் கிடைப்பது அரிது. மேலும் அங்கே வரிசை என்பதே நிலையாக இருப்பதில்லை. தன் நாயகர்களுக்கு வயது ஏறாதிருக்க மார்வெல் அவர்களுடைய கடந்த காலத்தையே மெல்ல நகர்த்திக்கொண்டு வருகிறது. டிசி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுக்கியதைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறது. அட்டையில் உள்ள எண்ணையும் நம்ப வேண்டாம். 2011இல் டிசி 52 தொடர்களை ஒரே வீச்சில் முதல் இதழிலிருந்து தொடங்கியபோது, 900ஐத் தாண்டியிருந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ மறுபடி 1 ஆயிற்று. 2016இல் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு 957 ஆயிற்று. 2018இல் 1000ஐக் கொண்டாடியது. புதிய கதாசிரியர் வந்திருக்கிறார், விற்பனையைச் சற்றுத் தூக்கிவிட வேண்டும் என்ற அளவிலேயே 1 என்று அச்சிடப்பட்ட இதழ்கள் ஏராளம்.

ஆகவே, எந்த நாயகன் என்று தேடுவதைச் சிறிது காலம் ஒத்திவைத்துவிட்டு, முடிவுள்ள புத்தகம் எது என்று தேடுங்கள். ஒரே கதாசிரியரும் ஒரே ஓவியரும் தொடக்கத்திலிருந்து இறுதிவரை சேர்ந்து செய்திருக்க வேண்டும்; அதன் மீதிக் கதையை வேறு ஏழெட்டுத் தொடர்களில் போய்த் துழாவ வேண்டிய தேவை இருக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. தொகுப்பின் முதற்பக்கங்களிலோ பின்னட்டையிலோ, எந்தெந்த இதழ்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே தொடரின் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்பதுபோல் தொடர்ச்சியான எண்கள் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். நான்கைந்து வெவ்வேறு தொடர்களிலிருந்து இரண்டு இதழ், மூன்று இதழ் எனக் கோத்திருந்தால், அது பெரும்பாலும் பல நாயகர்கள் மோதும் ஏதோ ஒரு க்ராஸ்ஓவர் நிகழ்வின் நடுப்பகுதி, அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். ஒரு படக் கட்டத்தின் அடியில் நட்சத்திரக் குறியிட்டு, இது முன்பு இன்ன இதழில் நடந்தது என்று பதிப்பாசிரியர் குறிப்பு வந்தால் அதற்கும் அஞ்ச வேண்டாம். அது பழைய இதழை விற்க வைத்த விளம்பரமே. பத்தில் ஒன்பது முறை, அந்த இதழைப் படிக்காதவருக்கு எந்த இழப்பும் இல்லை.

உங்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் ‘பேட்மேன்: இயர் ஒன்’. 1987இல் ‘பேட்மேன்’ தொடரின் 404 முதல் 407 வரையிலான நான்கு இதழ்களில் வந்தது. கதை ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மட்ஸுக்கெல்லி, வண்ணம் ரிச்மண்ட் லூயிஸ். நூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஓராண்டில் நடக்கும் கதையை நாட்குறிப்புபோல் தேதியிட்டுச் சொல்கிறார்கள். ஒரே நாளில் இருவர் கோதம் நகருக்கு வந்து சேர்கிறார்கள். ஒருவர் ரயிலில் வரும் காவல் அதிகாரி ஜேம்ஸ் கார்டன். மற்றவர் விமானத்தில் வரும் புரூஸ் வெய்ன். ரயிலில் இருப்பவர், தம் மனைவி இந்த ஊரை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்காமல் விமானத்தில் வரட்டும் என்று நினைக்கிறார். விமானத்தில் இருப்பவர், பகையை நெருங்கிப் பார்க்க ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார். இரண்டு மனிதர்களின் இயல்பும் அந்த முதல் பக்கத்திலேயே நிலைபெற்றுவிடுகிறது. பேட்மேனின் தொடக்கக் கதை என்று சொல்லப்பட்டாலும், புத்தகத்தின் கனம் கார்டன் மேல்தான் இருக்கிறது. ஊழலில் ஊறிய காவல்துறைக்குள் நேர்மையாக இருக்க முயலும் அவர், தம் குடும்பத்துக்கு உண்மையாக இருக்க முடியாமல் தவறுகிறார். பறக்கும் மனிதர்களும் வேற்றுக்கோள்களும் இதில் இல்லை. திரைப்படத்திலிருந்து வரும் வளர்ந்த வாசகருக்கு இதைவிட இணக்கமான வாசல் எனக்குத் தெரியாது. வன்முறையும் பாலியல் தொழில் சார்ந்த காட்சிகளும் உள்ளதால் உங்கள் மகளுக்கு இது வேண்டாம்.

இரண்டாவது புத்தகத்துக்குப் போகும் முன், அரை மணி நேரத்தில் முடித்தும் மனத்தில் எதுவும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். நாவல் படித்துப் பழகிய கண் பலூனிலிருந்து பலூனுக்குத் தாவுகிறது. சொற்கள் தீர்ந்ததும் பக்கம் தீர்ந்துவிட்டதாக எண்ணிப் புரட்டிவிடுகிறது. நல்ல காமிக்ஸில் கதையின் பாதி, சில வேளை பாதிக்கு மேல், சொற்களில் இருப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் கழிந்திருக்கிறது, வண்ணம் எந்த இடத்தில் மாறுகிறது, பேசுபவரின் கை என்ன செய்கிறது என்பவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகக் கிடைக்கும்.

இதற்கு நான் வழக்கமாக எடுத்துக்காட்டும் புத்தகமே உங்களுக்கான இரண்டாவது பரிந்துரை: கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’. 2005 முதல் 2008 வரை பன்னிரண்டு இதழ்களாக வந்து நிறைவுபெற்றது. உலகமே அறிந்த சூப்பர்மேனின் பிறப்புக் கதையை முதல் பக்கத்தில் நான்கு கட்டங்களில், கட்டத்துக்கு இரண்டு சொல்லாக, எட்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள்; தெரிந்ததை மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம் என்று வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு அது. சூரியனுக்கு அருகே சிக்கிய ஆய்வுக் குழுவைக் காப்பாற்றப் போகும்போது, சூப்பர்மேனின் உடல் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கதிர்வீச்சை உள்வாங்கிவிடுகிறது. அவருக்கு வலிமை கூடுகிறது, ஆயுள் குறைகிறது. எஞ்சிய நாட்களில் அவர் என்னென்ன செய்து முடிக்கிறார் என்பதே புத்தகம்.

அதன் ஐந்தாம் இதழைச் சற்று நிதானித்துப் படியுங்கள். மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் லெக்ஸ் லூதரைப் பேட்டி காணச் செய்தியாளர் கிளார்க் கென்ட் போகிறார். தோள் கூனி, உடை தொளதொளத்து, எதிலும் இடித்துக்கொள்ளும் அந்தக் கிளார்க்தான் சூப்பர்மேன் என்பது லூதருக்குத் தெரியாது. பலூன்களில் நீங்கள் படிப்பதில் பெரும்பகுதி லூதரின் தற்பெருமையும் சூப்பர்மேன் மேல் அவர் கொட்டும் வெறுப்பும்தான். இதற்கிடையில் சிறையில் கலவரம் மூள்கிறது. கிளார்க் தடுக்கி விழுகிறார், எதையோ தட்டிவிடுகிறார், யார்மேலோ போய் மோதுகிறார். படங்களை உற்றுப் பார்த்தால் அந்த ஒவ்வொரு தடுமாற்றமும் லூதரின் உயிரை ஒருமுறை காப்பாற்றுவதைக் காணலாம். இதை எந்தச் சொல்லும் சொல்வதில்லை. லூதருக்கும் கடைசிவரை தெரிவதில்லை. பலூன்களை மட்டும் படித்துக்கொண்டு போனவர், அகந்தை பிடித்த ஒருவரின் நீண்ட பேச்சைப் படித்ததாகவே நினைப்பார். படத்தையும் படித்தவர், தன்னைக் கொல்ல நினைப்பவனை அவனுக்கே தெரியாமல் காத்து நிற்கும் ஒருவரைப் பார்த்திருப்பார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று எல்லோரும் கேலி செய்யும் அந்தப் பழைய வேடத்தை, நிற்கும் நிலையையும் தோள்களின் சரிவையும் கொண்டே நம்பவைத்துவிடுகிறார் குவைட்லி.

இந்தப் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை: ஏழு, எட்டாம் இதழ்களில் வரும் தலைகீழ் உலகமும், வேறு சில வினோதங்களும் பழைய சூப்பர்மேன் கதைகளுக்குச் செலுத்தும் மரியாதை. அவை புரியாவிட்டால் நின்று குழம்பாமல் கடந்துவிடுங்கள். பத்தாம் இதழ் அதற்கெல்லாம் ஈடுசெய்துவிடும்.

மூன்றாவது, ‘ஹாக்ஐ’. 2012இல் தொடங்கி 22 இதழ்களில் முடிந்த இத்தொடரை மேட் ஃபிராக்‌ஷன் எழுத, முக்கியமான இதழ்களை டேவிட் ஆஜா வரைந்திருக்கிறார். இடையிடையே பிற ஓவியர்களும் வருவதால், நான் மேலே சொன்ன விதியை இது சிறிது மீறுகிறது. திரைப்படங்களில் வில்லோடு ஓரமாக நிற்பாரே, அந்த மனிதர் அவெஞ்சர்ஸோடு இல்லாத நாட்களில் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. தாம் குடியிருக்கும் கட்டடத்தையும் அண்டை வீட்டாரையும் ஒரு நாயையும் ரௌடிக் கும்பலிடமிருந்து காப்பதற்குள் அவர் நைந்துபோகிறார். பதினோராம் இதழ் முழுவதும் அந்த நாயின் பார்வையில் நகர்கிறது. மனிதர் பேச்சில் நாய்க்குப் புரியும் ஓரிரு சொற்கள் மட்டுமே நமக்கும் புரிகின்றன; மீதியை வாசனைகளின் வரைபடமாகவும் சிறு குறியீடுகளாகவும் ஆஜா வரைந்து காட்டுகிறார். 2014இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருதைப் பெற்றது அது. அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் உயரிய விருது என்பதால் குறிப்பிடுகிறேன். மற்றபடி விருதுப் பட்டியலை வைத்துப் புத்தகம் தேர்ந்தெடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை.

ஸ்பைடர்மேன் மேல் உங்களுக்கு ஆவல் இருந்ததால்தானே 1962க்குப் போனீர்கள். அவருக்காக நான் விதியைத் தளர்த்துகிறேன். ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ செக்கெட்டோ முதன்மை ஓவியராக வரைந்து, 2024 ஜனவரியில் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ வழக்கமான மார்வெல் உலகத்துக்கு வெளியே, தனி உலகமொன்றில் நடப்பது. அங்கே பீட்டர் பார்க்கருக்கு மாணவப் பருவத்தில் சக்தி கிடைக்கவில்லை. மனைவியும் இரண்டு குழந்தைகளும் வேலையும் உள்ள நடுவயதை எட்டும்போதுதான் கிடைக்கிறது. சிறுவன் ஒருவன் பொறுப்பைக் கற்றுக்கொள்ளும் கதையாக அறுபது ஆண்டுகள் சொல்லப்பட்டதை, ஏற்கெனவே பொறுப்புகள் உள்ள ஒருவர் துணிச்சலைக் கற்றுக்கொள்ளும் கதையாக மாற்றியிருக்கிறார்கள். முதல் தொகுப்பை எடுக்க முன்னறிவு எதுவும் தேவையில்லை. உங்கள் வயதும் பீட்டரின் வயதும் ஏறத்தாழ ஒன்று என்பதால் இது உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறேன்.

எக்ஸ்-மென் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லதாயிற்று. கிறிஸ் கிளேர்மாண்ட் ஒருவரே 1975 முதல் 1991 வரை எழுதிய அந்தக் கடலில் புதியவரை இறக்கிவிட எனக்கு மனமில்லை. ஆவலை அடக்க முடியாவிட்டால், அவரே எழுதி ப்ரெண்ட் ஆண்டர்சன் வரைந்து 1982இல் தனி நூலாக வந்த ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ ஒன்றை மட்டும் படியுங்கள்.

‘வாட்ச்மென்’ ஏன் பட்டியலில் இல்லை என்று யாராவது உங்களிடம் கேட்பார்கள். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986, 87இல் படைத்த அந்தப் பன்னிரண்டு இதழ்கள் முடிவுள்ளவை, ஒரே இணை செய்தவை, வேறெதையும் படிக்கச் சொல்லாதவை. என் விதிகள் அனைத்துக்கும் பொருந்துபவை. இருந்தாலும் முதல் புத்தகமாக நான் கொடுப்பதில்லை. முகமூடி அணிந்து நீதி வழங்கப் புறப்படுபவர் உண்மையில் எத்தகைய மனிதராக இருப்பார் என்று அது குறுக்கு விசாரணை செய்கிறது. அந்த மரபின் கவர்ச்சிக்கு ஒருமுறையாவது ஆட்பட்டவருக்கே அந்த விசாரணை தைக்கும். ஒன்பது கட்டங்களாகப் பகுத்த பக்கத்தை இடைவிடாமல் பயன்படுத்தும் அதன் நுட்பமும், படத்தைப் படிக்கக் கண் பழகிய பின்னரே முழுதாகப் பிடிபடும். நான்காவது, ஐந்தாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ புத்தகத்தையும் தள்ளிவைக்கச் சொல்வேன். ஐம்பதைத் தாண்டிய பேட்மேன் மீண்டும் களத்தில் இறங்குவதைக் காண, இளைய பேட்மேனை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் மகள். பதினொரு வயதுக்கு இரண்டு புத்தகங்களை நம்பிக் கொடுப்பேன். முதலாவது, ஜீன் லூயன் யாங் எழுதி, குரிஹிரு என்ற பெயரில் இணைந்து பணிபுரியும் ஜப்பானிய ஓவியர்கள் இருவர் வரைந்த ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்’. 1946இல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பான சூப்பர்மேன் தொடர், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானை ஒத்த அமைப்பை வில்லனாக வைத்துக் கதை சொன்னது. அதைத் தழுவி 2019, 20இல் மூன்று பகுதிகளாக இது வந்தது. சீன வம்சாவளிக் குடும்பமொன்று மெட்ரோபோலிஸில் புதிய பகுதிக்குக் குடிபெயர்கிறது. அண்ணன் டாமி எல்லோரிடமும் எளிதில் ஒட்டிக்கொள்கிறான். தங்கை ராபர்ட்டாவால் அது முடியவில்லை. இதற்கு இணையாக, தாம் வேற்றுக்கோளிலிருந்து வந்தவர் என்பதையே ஏற்க அஞ்சி, பறக்கும் ஆற்றல் இருந்தும் ஓடவும் தாவவும் மட்டுமே செய்கிற ஒரு சூப்பர்மேன். அந்தச் சிறுமியும் அவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடங்கள் வளர்ந்தவர்களையும் கலங்கவைக்கும். வீட்டு முற்றத்தில் சிலுவையை எரித்து அச்சுறுத்தும் காட்சி இருக்கிறது. அதன் பின்னணியை அவள் கேட்பாள் என்பதால், இதை இருவரும் சேர்ந்து படிப்பது நல்லது.

மற்றொன்று ‘மிஸ் மார்வெல்’. ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைய, 2014இல் தொடங்கியது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கக் குடும்பத்துப் பெண் கமலா கானுக்குப் பதினாறு வயது. வீட்டின் கண்டிப்புக்கும் பள்ளியின் ஏளனத்துக்கும் நடுவில் திடீரென்று உருவம் மாற்றும் சக்தி கிடைக்கிறது. முதலில் அவள், தான் வியந்து போற்றும் பொன்னிறக் கூந்தல் நாயகியாகவே உருமாறிவிடுவதும், அது தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்வதும் முதல் தொகுப்பிலேயே வந்துவிடுகின்றன. 2015இல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருது பெற்றது அந்தத் தொகுப்பு. அல்ஃபோனா பின்புலங்களில் ஒளித்துவைக்கும் வேடிக்கையான பெயர்ப்பலகைகளையும் சில்லறைப் பொருட்களையும் உங்களுக்கு முன் உங்கள் மகள் கண்டுபிடிப்பாள். அந்த வயதில் கண்கள் படத்தை விட்டு ஓடுவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ராபர்ட் கர்க்மனின் ‘இன்வின்சிபிள்’ தொடரைப் பளிச்சென்ற வண்ணங்களையும் இளம் நாயகனையும் பார்த்துச் சிறார் புத்தகம் என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். சில இதழ்களுக்குள்ளேயே அது மிகக் கடுமையான வன்முறைக்குள் நுழைகிறது. உங்களுக்கு அது பின்னர் பயன்படலாம்: 2003 முதல் 2018 வரை 144 இதழ்கள், ஒரே கதாசிரியர், உண்மையான முடிவு. வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை உண்மையிலேயே நிறைவேறக்கூடிய அரிய இடம் அது.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது பக்கச் சொச்சம் உள்ள மாத இதழ்களை விட்டுவிட்டு, ஐந்தாறு இதழ்கள் சேர்ந்த தொகுப்பாகவே படியுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு நெருங்கும் ஆம்னிபஸ் பதிப்புகள் அலமாரிக்கு அழகு. படுத்துக்கொண்டு படிக்க உதவாது. டிஜிட்டலாகப் படிக்க மார்வெல் அன்லிமிடெட், டிசி யுனிவர்ஸ் இன்ஃபினிட் ஆகிய சந்தாச் சேவைகள் இருக்கின்றன. அவற்றைக் கைபேசியில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் பார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும் என்று எண்ணியே ஓவியர் கட்டங்களை அடுக்குகிறார்; எதிரெதிர்ப் பக்கங்களில் விரியும் காட்சியைச் சிறு திரை சிதைத்துவிடும். டேப்லெட்டில் பக்கம் முழுதும் தெரியும்படி வைத்துப் படித்தால் பெரிய குறை இல்லை.

இவற்றில் ஒன்று பிடித்துப்போனால், அடுத்த புத்தகத்தை நாயகனை வைத்துத் தேடாமல் படைத்தவரை வைத்துத் தேடுங்கள். ‘இயர் ஒன்’ பிடித்தால், அதே மில்லரும் மட்ஸுக்கெல்லியும் அதற்கு முந்தைய ஆண்டில் செய்த ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ காத்திருக்கிறது, நாயகன் பார்வையற்ற வழக்கறிஞர் என்பதும், அவரை ஒருகாலத்தில் காதலித்தவளே அவருடைய ரகசியத்தை விற்றுவிடுகிறாள் என்பதும் தெரிந்தால் போதும். ‘ஆல்-ஸ்டார்’ பிடித்தால், ஜெஃப் லோபும் டிம் சேலும் 1998இல் செய்த ‘சூப்பர்மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ அடுத்தது. நான்கு பருவங்கள், பருவத்துக்கு ஒருவராக நான்கு பேர் சூப்பர்மேனைப் பற்றிச் சொல்கிறார்கள், அவர்களில் லூதரும் ஒருவர். படைத்தவர் வழித்தடம் என்ற அந்த முறையிலிருந்து சிறிது விலகினாலும், மனநிலையில் அது ‘ஆல்-ஸ்டார்’ புத்தகத்துக்கு உறவு. உங்கள் மகளும் அதை வாசிக்கலாம். ‘ஹாக்ஐ’ பிடித்தவருக்கு டாம் கிங் எழுதி கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா வரைந்த ‘தி விஷன்’ புத்தகத்தைக் கொடுப்பது என் வழக்கம். சாதாரணக் குடும்பமாக வாழ முயலும் இயந்திர மனிதர்களைப் பற்றிய பன்னிரண்டு இதழ்கள் அவை. சிரிப்பை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இப்போதைக்கு உங்களுக்கு ‘இயர் ஒன்’, மகளுக்கு ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்’ என்று இரண்டை மட்டும் இரவல் எடுங்கள். மற்றவற்றை வாங்குவதும் தேடுவதும் பிறகு. இரண்டில் எதையாவது நடுவில் மூடிவைத்துவிட்டால், எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், அங்கே சலிப்பைத் தந்தது கதையா ஓவியமா என்று எழுதுங்கள். பிடித்தது எது என்பதைக் காட்டிலும், அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு அது கூடுதலாக உதவும்.